முள்ளுக்கு மேலே ஒரு சாண்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து குழந்தைகள் பாட்டி ஊருக்குக் கிளம்புகிற காலம். உசிலம்பட்டிக்கு அப்பால் எழுமலைப் பக்கம் உங்களுக்குச் சொந்தபந்தம் உண்டென்றால் நான் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்து கண்மாய் நிரம்பிவிட்டால், பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையன் கேட்பது முறுக்கும் சீடையும் அல்ல, தூண்டில்! "இது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று அடுக்களைக்குள் போய்விடாதீர்கள், சகோதரிகளே. இதில் ஒரு சாண் நரம்பைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கம்பு, தங்கூசி நரம்பு, மிதப்பதற்குத் தக்கை, அமிழ்த்துவதற்கு ஈயக் குண்டு, கடைசியில் முள். இவ்வளவுதான் தூண்டில். மயிலிறகுத் தண்டு, சோளத்தட்டை, அறுந்துபோன ரப்பர் செருப்பின் துண்டு, எதுவும் தக்கையாகும். தக்கைக்கும் ஈயத்துக்கும் நடுவே எவ்வளவு நீளம் விடுவது என்பது எந்த மீனுக்குக் குறி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கண்மாயும் மாடி வீடு மாதிரிதான். கட்லாவுக்கு மேல் மாடி, ரோகுவுக்கு நடு மாடி, கெளுத்திக்குத் தரை. 1952-இல் வெளிநாட்டிலிருந்து நம் தேசத்துக்கு வந்த ஜிலேபிக் கெண்டையோ எந்த மாடியிலும் புகுந்துகொள்ளும் விருந்தாளி!

இதெல்லாம் பையன்களுக்கே தெரியும். அவர்கள் கவனிக்காதது, ஈயத்துக்குக் கீழே முள் வரைக்கும் தொங்குகிறதே, அந்தத் துண்டு நரம்பைத்தான்.

மழை பெய்த புதிதில் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி இருக்கும். மீனுக்கு ஈயம் தெரியாது. மண்புழுவின் வாசனைதான் தெரியும். அப்போது ஒரு சாண் நீளம் போதும். மீன் தொட்டவுடனே தக்கை ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். தை மாதம் தண்ணீர் தெளிந்தபின் அதே ஒரு சாண் வைத்தால், மீன் ஈயத்தைப் பார்த்துவிட்டு, கடன் கொடுத்தவனைக் கண்டவன் மாதிரி விலகிப் போய்விடும். அப்போது ஒரு முழமாக நீட்ட வேண்டும். நீட்டினால் இரை சுபாவமாக அசையும். ஆனால் தக்கைக்குச் சேதி தாமதமாக வரும்; அதற்குள் மீன் முள்ளை வயிறு வரை விழுங்கிவிடும். ஆகவே ஒரு முழத்துக்கு மேல் நம் கண்மாய்க்கு வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கனடா தேசத்தின் ஆறுகளில் சால்மன் மீனுக்குத் தக்கைத் தூண்டில் போடுகிறவர்களுக்கும் இதே யோசனைதான். கலங்கலானால் ஒன்றரை அடி, தெளிந்தால் மூன்றடி வரை. அங்கே கூடுதலாக ஒரு சங்கடம்: வேகமான நீரில் துண்டு நீளமானால் நீரோட்டம் இரையை மேலே தூக்கிவிடும். அந்தச் சால்மன் மீனோ, முட்டையிடக் கடலிலிருந்து ஆறு ஏறும்போது இரை தேடுவதையே விட்டுவிடுகிறதாம். கல்யாண அவசரத்தில் சாப்பாடு எங்கே இறங்கும்? அப்படியும் சமயத்தில் முள்ளைக் கவ்விவிடுகிறது, பாவம்.

வெள்ளைக்காரர்களுக்கு நம் குளத்து மீனும் இளப்பமில்லை. ஹெச். எஸ். தாமஸ் என்ற சென்னை ராஜதானி உத்தியோகஸ்தர், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-இல் தனிப் புத்தகம் எழுதினார்.

இனி, நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பகுதி. அந்தத் துண்டு, மேலே உள்ள நரம்பைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். ஏன் தெரியுமா? நம் பக்கத்துக் கண்மாய்களுக்குள் கருவேல மரங்கள் உண்டு. தண்ணீருக்கடியில் முள் மாட்டிக்கொண்டால், நரம்பு முழுவதும் ஒரே கனமாக இருந்தால் இழுத்தாலும் வராது. பையன் என்ன செய்வான்? டிராயரை மடித்துக்கொண்டு எடுத்துவர இறங்குவான்! கண்மாய்க்குள் மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்பது கரையில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நிற்கிறவனுக்கு அடுத்த அடி இரண்டு ஆள் ஆழமாக இருக்கலாம். நீச்சல் தெரியாத பிள்ளை அப்புறம் கூப்பிடக்கூட மாட்டான்.

துண்டு மெல்லியதாக இருந்தால் அதுதான் முதலில் அறும். போவது ஒரு முள். தக்கையும் ஈயமும் திரும்பி வந்துவிடும். இழுக்கும்போது நரம்பைக் கையில் சுற்றக் கூடாது, சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக இழுக்கச் சொல்லுங்கள். சட்டென்று விடுபட்டால் முள் கண்ணை நோக்கித்தான் வரும். கிளம்பும்போதே நாலைந்து முள்ளைத் துண்டு நரம்போடு கட்டி, ஒரு அட்டையில் சுற்றி அவன் பையில் போட்டுவிடுங்கள். கையில் மாற்று இருந்தால் போனதைத் தேடி இறங்கத் தோன்றாது. எப்படியும் பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும்.

கண்மாய் மீனைப் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. ஆரஞ்சு நிறத்தில் பொடிக் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால் அங்கே தூண்டில் வேண்டாம். அவை விரால் குஞ்சுகள். பெற்றது கீழேயே காவல் இருக்கும்.

பையன் கெளுத்தியோடு வந்து நின்றால் அவசரப்பட்டுக் கையில் வாங்காதீர்கள். முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள் உண்டு. குத்தினால் ராத்திரி முழுவதும் கடுக்கும். துணியால் பிடித்து, அந்த மூன்றையும் முதலில் வெட்டிவிட்டு அப்புறம் புளியைக் கரையுங்கள்.