ரேஷன் எண்ணெயும் பிஸ்கட் உறையும்

"பாமாயிலா? அது எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதே இல்லை" என்று மனப்பூர்வமாகச் சொல்கிறவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் தேடிப்பிடித்து வாங்கும் அவர்களுடைய சிரத்தை மெச்சத்தக்கது. ஆயினும், அதே வீட்டில் மாலை வேளையில் குழந்தையின் கையில் தரப்படும் பிஸ்கட்டும் சிப்ஸும் நூடுல்ஸும் பெரும்பாலும் எந்த எண்ணெயின் துணையால் தயாராகின்றன என்பது, உறையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் விளங்கிவிடும்.

2007ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ், தமிழகத்து ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய் விலையில் பாமாயில் கிடைக்கிறது. வரிசையில் நின்று அந்தப் பாக்கெட்டை வாங்கி, மாதம் முழுவதும் கரண்டிக் கணக்காகச் செலவிடுகிற தாயின் அடுப்பை நோக்கி, "ரேஷன் எண்ணெயில் சமைக்கிறாளாம்" என்று பிறர் சொல்லும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. பெயர் தெரிந்து வாங்கியவளுக்கு இகழ்ச்சி. பெயர் தெரியாமல் தின்பவர்க்குக் கௌரவம். இது நியாயமன்று.

பாமாயிலை அமிர்தம் என்று நான் வாதாடவில்லை. அதன் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற வகையைச் சேர்ந்தது. நல்லெண்ணெயைவிட இது மிக அதிகம், தேங்காயெண்ணெயைவிடக் குறைவு. அளவு மீறுவதும், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் எந்த எண்ணெயிலும் கேடுதான்.

சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஒராங்குட்டான்களின் வனங்கள் இந்த எண்ணெய்க்காக அழிந்தன என்ற குற்றச்சாட்டு மெய்யானது. ஒரு ஹெக்டேரில் சோயாவைக் காட்டிலும் பல மடங்கு எண்ணெய் தருவது பாமாயிலின் மூலமான செம்பனை மரமே என்பதும் அதே அளவு மெய். மேலும், பாமாயிலை நமக்குச் சம்பந்தமற்ற அந்நிய வஸ்து என்று எண்ணுவோர், மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறிய காலத்தில், தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பங்களில் பல செம்பனைக் குலைகளை அறுக்கச் சென்றதையும், வேறு பல குடும்பங்கள் வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்து பட்டணங்களின் ஓரங்களில் ஒதுங்கியதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உறையில் எண்ணெயின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. கடைக்கோடிக் கிராமத்துப் பெட்டிக்கடையில் பேரனுக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுக்கும் பாட்டி, தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்தவளாயினும், அந்தப் பொடி எழுத்தை எவ்விதம் அறிவாள்? பாமாயில் சேர்த்துத் தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வோர் உறையிலும், அது ஐந்து ரூபாய்ப் பொட்டலமே ஆனாலும், 'பாமாயில்' என்ற நான்கு எழுத்துக்களை அவள் கண்ணாடியின்றி வாசிக்கக்கூடிய அளவில் அச்சிடும்படி சர்க்கார் விதி செய்ய வேண்டும்.