கரைக்கு வந்த பிறகு

ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகளுக்கு முதலுதவிப் பயிற்சி வேண்டாம் என்று வாதாடுகிறவர் ஒருவர் பென்னாகரத்தில் இருக்கிறார். பெயர் வேண்டாம், வாதம் போதும். தண்ணீரிலிருந்து தூக்குவது பரிசல்காரர் வேலையாம், பிழைக்க வைப்பது டாக்டர் வேலையாம், இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாதாம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இந்த இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு மலைப்பாதை கிடப்பதை மட்டும் மறந்துவிட்டார்.

அருவிக்கரையிலிருந்து பென்னாகரம் அரசு மருத்துவமனை பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. காடும் வளைவுமாக ஏறுகிற சாலை. மூச்சு நின்றவருக்கு நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். 108 வண்டி தயாராக நின்றாலும், கோத்திக்கல் பாறைப் பக்கம் விழுந்தவரைப் பரிசலில் ஏற்றி, மாமரத்துக்கடவு கொண்டுவந்து, படி ஏற்றுவதற்குள்ளேயே அந்த நிமிடங்கள் தீர்ந்துபோகும். டாக்டர் வேலை என்று இவர் ஒதுக்கி வைத்ததை டாக்டர் செய்யவே முடியாது. அவர் அங்கே இல்லை.

அடுத்து, பரம்பரை அறிவு. எங்கே சுழி, எங்கே வழுக்குப்பாறை, எந்த இடுக்கில் உடல் சிக்கும் என்று பரிசல்காரருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. யார் மறுத்தார்கள்? ஆனால் ஆற்றைத் தெரிந்தவருக்கு நுரையீரலும் தெரியும் என்பது எந்த ஊர் நியாயம்? வெளியே எடுத்ததும் நம் கரைகளில் என்ன நடக்கிறது? வயிற்றை அமுக்குகிறோம். தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுகிறோம். வாயிலிருந்து தண்ணீர் கொட்டினால் கூட்டத்துக்கு ஒரு நிம்மதி. கொட்டுவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். கூடவே வரும் சோறும் பித்தமும் மூச்சுக்குழலில் இறங்கினால், ஆறு விட்டுவைத்த உயிரை நாமே எடுத்துவிடுகிறோம்.

இதைத்தான் அவர் 'நம் கைவைத்தியம்' என்று கொண்டாடுகிறார். பீப்பாய் மேல் போட்டு உருட்டித் தண்ணீர் எடுப்பது அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் இருந்தது. 1767இல் ஆம்ஸ்டர்டாமில் மூழ்கியவர்களை மீட்கவென்றே தொடங்கிய சங்கம், வாயில் வாய் வைத்து ஊதச் சொன்னதோடு, புகையிலைப் புகையை ஆசனவாய் வழியாக ஏற்றவும் சொன்னது. தொண்டையில் அடைத்ததை வெளியேற்ற வழி கண்ட ஹைம்லிக் என்ற அமெரிக்க டாக்டர்கூட, மூழ்கியவர் வயிற்றையும் அமுக்கலாம் என்று பல ஆண்டு பிடிவாதம் பிடித்தார். மருத்துவ உலகம் ஏற்கவில்லை. அவர்கள் புகையை விட்டார்கள், பீப்பாயை விட்டார்கள். நாம் மட்டும் எதையும் விடக்கூடாதா?

செல்போன் வீடியோ பார்த்தாலே போதும் என்பது அவருடைய இன்னொரு முத்து. ஆபத்தே இதில்தான். அந்த வீடியோக்கள் பலவும் திடீரென மாரடைத்து விழுந்தவருக்கானவை. நெஞ்சை மட்டும் அமுக்கு என்று சொல்பவை. அப்படி விழுந்தவர் இரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். மூழ்கியவருக்கோ ஆக்சிஜன் தீர்ந்ததால்தான் இதயமே நிற்கிறது. அதனால் முதலில் மூச்சு: தலையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, மார்பு எழும்புகிறதா என்று பார்த்தபடி ஊத வேண்டும். அமெரிக்க முறையில் இரண்டு, ஐரோப்பிய முறையில் ஐந்து. பிறகு முப்பது அமுக்கு, இரண்டு ஊதல். பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது வரை. இந்த ஆழம் பொம்மை மேல் அமுக்கிப் பழகிய கைக்குத்தான் பிடிபடும். கண்ணுக்குப் பிடிபடாது.

விலா எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு என்று வேறு பயமுறுத்துகிறார். முறியலாம்தான். எலும்பு கூடிவிடும், ஐயா.

நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுகிறார்களே, அது போதாதா என்பது கடைசி வாதம். பிலிகுண்டுலுவில் அளந்து சொல்லும் கனஅடிக் கணக்கு வெள்ள நாளுக்கு. வழுக்கிய காலுக்கும் குடித்துவிட்டு இறங்கிய ஆளுக்கும் வெள்ளம் தேவையில்லை. லைஃப் ஜாக்கெட்டும் பரிசலில் போகிறவருக்குத்தான். படித்துறையில் குளிக்கிறவர் அதை மாட்டிக்கொண்டா முழுகுகிறார்?

பரிசல்காரரோடு நிறுத்துவதுகூட எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்கக் குளிக்கும் இடத்திலேயே இருப்பவர்கள் எண்ணெய் மசாஜ் தொழிலாளர்கள். மனித உடம்பில் எவ்வளவு அழுத்தலாம் என்று அந்தக் கைகளுக்கு ஏற்கெனவே தெரியும். மீன் வறுக்கும் அக்காக்களையும் சேர்க்கலாம். பென்னாகரம் மருத்துவமனையும் தீயணைப்பு நிலையமும் சேர்ந்தால், ஆடிப்பெருக்குக் கூட்டம் வருமுன் சில முகாம்களில் முடிகிற வேலை. பரிசல் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்தப் பயிற்சியையும் கேட்கட்டும். கண் விழித்து எழுந்தவரையும் வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டும், நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம் என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கட்டும்.

இதையும் எதிர்ப்பதானால் எதிர்க்கட்டும். மூச்சில்லாத ஒரு பிள்ளையைக் கரையில் கிடத்திவிட்டு, வண்டி வரும்வரை அந்தப் பரிசல்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவர் எழுதித் தரட்டும்.