எச்சில் இலையல்ல, வழிநூல்

‘திரைப்படத்தின் எச்சில் இலை.’ திரைப்படங்களை ஒட்டி உருவான பழைய வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் சிற்றிதழ் நண்பர்கள் இப்படித்தான் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சினிமாவே பெரும்பாலும் வணிகம். அவ்வணிகத்தின் வாலைப் பிடித்து வந்த விளையாட்டில் என்ன கலை இருந்துவிட முடியும் என்பது அவர்களது வாதம். இதை நான் மறுக்கிறேன். மறுப்பதற்கான அளவுகோலை வெளியிலிருந்து இரவல் வாங்கவேண்டிய தேவையும் இல்லை.

தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. தொகுத்தல், விரித்தல், மொழிபெயர்த்தல் என வழிநூலின் வகைகளையும் சொல்கிறது. அங்கே வழிநூல் என்பது வசைச்சொல் அல்ல. வான்மீகியின் வழியில் வந்த கம்பனைத் தலையில் வைத்துக் கொண்டாடும் மரபு நம்முடையது. நாவலொன்று படமானால் நான்கு இதழ்களுக்கு விவாதிப்பவர்கள், படம் விளையாட்டானால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வது ஏன்?

மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கலாம். தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடிய மலிவான பெட்டிகளையும், ஒரே கேசட்டில் பல விளையாட்டுகள் அடங்கியிருந்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் ‘குங்ஃபூ’ என்று ஒன்று உண்டு. மாடி மாடியாக ஏறி, எதிர்ப்பட்டவரை உதைத்துத் தள்ளிக் காதலியை மீட்கவேண்டும். அது ஒரு திரைப்பட விளையாட்டு என்பது ஆடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜாக்கி சான் நடித்த ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’ 1984இல் ஜப்பானில் ‘ஸ்பார்டன் எக்ஸ்’ என்ற பெயரில் வெளியானது. அதே ஆண்டு ஐரெம் நிறுவனத்துக்காக தகாஷி நிஷியாமா அதே பெயரில் இவ்விளையாட்டை வடிவமைத்தார். தாமஸ், சில்வியா என்ற பெயர்கள் மட்டுமே ஜாக்கி சானின் படத்திலிருந்து வந்தவை. ஐந்து மாடிகளும் மாடிக்கொரு வீரனும் புரூஸ் லீயின் ‘கேம் ஆஃப் டெத்’ தந்த கட்டுமானம். ஒரு படத்தின் பெயரில் இன்னொரு படத்தின் எலும்புக்கூட்டைப் பொருத்தி, உடலின் வேகத்தை இரண்டு பொத்தான்களின் மொழிக்கு அவர் பெயர்த்தார். இதே நிஷியாமாதான் பின்னர் காப்காம் நிறுவனத்தில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ (1987) உருவாக்கியவர். அந்த விளையாட்டோ 1994இல் ஹாலிவுட் படமாயிற்று. யாருடைய இலையில் யார் உண்டார்கள் என்பதை நண்பர்கள்தான் சொல்லவேண்டும்.

தொகுத்தலுக்கு உதாரணம், உலகின் மிக மோசமான விளையாட்டு என்று கிளிப்பிள்ளைபோல் சொல்லப்படும் அடாரியின் ‘ஈ.டி.’ (1982). ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற தனிமனிதருக்குத் தரப்பட்ட அவகாசம் ஐந்து வாரம். கேசட்டின் கொள்ளளவு 8 கிலோபைட். இந்தக் கட்டுரையைச் சேமிக்கவே அதைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அதற்குள் அவர் செய்ததைப் பாருங்கள். நாயகனிடம் ஆயுதம் இல்லை. நடக்க நடக்க அவன் சக்தி குறைகிறது. தொலைபேசியின் மூன்று துண்டுகளைத் தேடிச் சேர்த்து வீட்டுக்கு அழைக்கவேண்டும். வாடிய பூவொன்றை உயிர்ப்பிக்கவும் முடியும். சுட்டு வீழ்த்துவதே விளையாட்டு என்றிருந்த காலத்தில் வீடு திரும்பும் ஏக்கத்தை ஆட்டமாக்க முயன்றிருக்கிறார். குழிகளில் ஓயாமல் விழவைக்கும் அதன் குறை உண்மையானதுதான். விற்காத கேசட்டுகள் 1983இல் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைக்கப்பட்டு, 2014இல் தோண்டியெடுக்கப்பட்டதும் உண்மை. ஆனால் தோற்ற முயற்சியையும் முயலாத மலினத்தையும் பிரித்தறிவதற்குத்தானே விமர்சனம் என்று பெயர்?

விரித்தலுக்கு ‘கோல்டன்ஐ 007’ (1997). 1995இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தளங்களுக்கு இங்கிலாந்தின் ரேர் நிறுவனத்தார் நேரில் சென்று பார்த்துப் படங்கள் எடுத்து வந்தார்கள். ஆட்டக்காரன் என்ன செய்யவேண்டும் என்று தீர்மானிக்கும் முன்பே இடங்களைக் கட்டினார்கள். காமிரா ஒரு கணம் காட்டிவிட்டு நகரும் அறையில் இங்கே நாம் நின்று சுற்றிப் பார்க்கலாம். சட்டகத்துக்கு வெளியே இருந்த கதவையும் திறக்கலாம். மூலம் மௌனமாகக் கடந்த இடத்தில் நின்று பேசுபவனை நாம் உரையாசிரியர் என்போம்.

இவ்வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவை குப்பை என்பார்கள். ஆம், குப்பைதான். தமிழில் வந்த தொடர்கதைகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். அதற்காக நாவல் என்ற வடிவத்தையே நாம் தள்ளிவைத்துவிடவில்லை.

இந்த அலட்சியத்துக்கு ஒரு விலை உண்டு என்பதே என் கவலை. நடராஜ முதலியாரின் மௌனப்படம் ‘கீசகவதம்’ இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ (1931) இல்லை. கற்றோர் சினிமாவைத் தீண்டத்தகாததாகக் கருதியதைத் தியடோர் பாஸ்கரன் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார். மதிக்காததை யாரும் பாதுகாப்பதில்லை. இப்போது அடுத்த சுற்று. ஏ. ஆர். முருகதாஸ் 2008இல் இந்தியில் எடுத்த ‘கஜினி’யை வைத்து ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ் லேப்ஸ் கணினி விளையாட்டொன்றை உருவாக்கியது. நினைவை இழந்தவன் உடம்பில் பச்சை குத்திக்கொண்டு நினைவைக் காக்கும் கதை அது. அந்த விளையாட்டையே நாம் மறந்துபோனோம். பொத்தான் கைபேசிகளில் வந்த சினிமா விளையாட்டுகள் கைபேசிகளோடு பழைய இரும்புக்குப் போயின. அமெரிக்காவிலேயே 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. நம் கணக்கை எடுக்கக்கூட ஆளில்லை.

பிரெஞ்சு மரபு என்று மஞ்சள் சுவர்களைக் காட்டிப் பெருமைப்படும் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பிரான்ஸில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வீடியோ விளையாட்டுகளும் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்கின்றன. 2006இல் அந்நாட்டுக் கலை இலக்கிய விருது பெற்றவர்களில் மிஷேல் ஆன்செல் ஒருவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன் ‘கிங்காங்’ படத்துக்கு விளையாட்டு வடிவம் தந்தவர் அவர். இங்கேயும் சான்று இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் புதுச்சேரியில் சேகரித்த சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. யாரோ ஒருவர் அவற்றைப் பழைய ஓலை என்று எண்ணாததால் அவை பிழைத்தன.

பிள்ளைச்சாவடியில் கடல் வீடுகளைக் கொண்டுபோகும்போது தூண்டில் வளைவு கேட்டுச் சாலையில் அமர்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் அரித்துச் செல்லப்படுவனவற்றுக்காக யாரும் அமர்வதில்லை. இதே ஊரில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பரணில் கிடக்கும் கேசட்டையும் குறுந்தகட்டையும் செத்த கைபேசியையும் அதன் மாணவர்களிடம் கொடுத்தால், உள்ளிருப்பதைப் படியெடுப்பது அவர்களுக்குப் பெரிய வேலையல்ல. அவற்றைப் படித்துச் சொல்லும் வேலை எழுதுகிறவர்களுடையது. இதழ்க்காரர்கள் ஆண்டுக்கு ஒரு கட்டுரைக்காவது இடம் ஒதுக்கட்டும். எச்சில் என்று சொல்ல விரும்புபவர்கள் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.