கயிறு ஆருடைய காசு?



போன கிழமை எங்கட வட்சப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மரவேலைக்குப் போகப் போறன், ஏறுறதுக்கு எந்த ஹார்னஸ் வாங்கலாம்?" அரை மணித்தியாலத்துக்குள் இருபது பதில். இந்த பிராண்ட் இடுப்புக்கு இதம், அந்தக் கயிறு கையில் வழுக்காது, பிளாக் ஃப்ரைடே வரைக்கும் பொறுத்துக்கொள். "நீ ஏன் வாங்க வேணும்?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இடதுசாரிகளின் குழு எல்லோ இது?

ஏழு வருசமாக ஸ்காபரோவில் மரம் ஏறுகிற ஆள் என்ற முறையில் அதை நான் கேட்கிறேன்.

என்னுடைய முதல் முதலாளி எங்கட ஆள்தான். "உன்ர சாமானை நீ வாங்கிக்கொண்டு வா தம்பி, அப்பதான் தொழில் பிடிபடும்" என்றார். வாங்கினேன். ஒரு நல்ல சாடிலே பல நூறு டொலர். பிறகு கயிறு, கரபினர், ஹெல்மெட், செயின்சோ களுசான். எல்லாம் கிரெடிட் கார்டில். மூன்றாவது மாதம் வெட்டின கொப்பு சுழன்று வந்து மணிக்கட்டை உடைத்தது. டபிள்யூஎஸ்ஐபிக்குப் படிவம் நிரப்பக் கேட்டபோது அண்ணை சிரித்துக்கொண்டு சொன்னார்: "நீ கொன்ட்ராக்டர் எல்லோ? சாமான்கூட உன்ரதுதானே!"

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. ஒருவர் தொழிலாளியா சுயாதீன ஒப்பந்தக்காரரா என்று பார்க்க, கனடா உச்ச நீதிமன்றம் 2001இல் சாகாஸ் வழக்கில் சொன்ன அளவுகோல்களில் ஒன்று: கருவி ஆருடையது? ஆர் வேலையைக் கட்டுப்படுத்துகிறார், லாப நட்டம் ஆருக்கு என்பதையும் பார்ப்பார்கள்தான். ஆனால் உங்கட காசில் வாங்கின ஒவ்வொரு கரபினரும் முதலாளியின் பக்கத்துத் தட்டில் போய் விழுகிறது. தன்னைக் காப்பாற்ற வாங்கின சாமானே தன்னைக் கைவிடச் சாட்சியாகிறது.

2017இல் ஒன்ராறியோவில் பில் 148 வந்தபோது, "இவர் என்னுடைய தொழிலாளி இல்லை" என்று நிரூபிக்கிற பொறுப்பு முதலாளியின் தலையில் வைக்கப்பட்டது. அடுத்த வருசமே ஃபோர்ட் அரசாங்கம் பில் 47ஆல் அந்தப் பொறுப்பை எடுத்துவிட்டது. இதைப் பற்றி எங்கட ஆக்கள் பேசினதைவிட, எந்தக் கயிறு மலிவு என்று பேசினதுதான் கூட.

கயிற்றுக்குக் கணக்குப் பார்த்தால் என்ன நடக்கும் என்று இந்த நகரத்துக்குத் தெரியும். 2009 டிசம்பர் 24, கிப்ளிங் அவெனியூ. தொடர்மாடியின் வெளிப்பக்கத்தில் தொங்கின தட்டில் ஆறு பேர், உயிர்க்கயிறு இரண்டு. தட்டு முறிந்து நாலு பேர் செத்தார்கள். எல்லோரும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். கொம்பனிக்கு முதலில் 2 லட்சம் டொலர் தண்டம், மேல்முறையீட்டில் 7.5 லட்சம், திட்ட முகாமையாளருக்கு மூன்றரை வருசச் சிறை. அது கட்டட வேலை, மரவேலை இல்லை என்று சொல்லுவீர்கள். உயரமும் கயிறும் ஒன்றுதான்.

"சொந்தச் சாமான், சொந்தத் தொழில், ஆருக்கும் கைகட்டத் தேவையில்லை" என்கிற பேச்சில் எனக்கும் ஒரு காலம் மயக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பனையேறினவரிடமும் தளைநாரும் இயனக்கூடும் சொந்தமாகத்தான் இருந்தன. அதனால் அவர் சுதந்திரமாக இருந்தாரா? கள்ளுக்கு விலை சொன்னது தவறணைக் குத்தகைக்காரர். விழுந்தால் வீட்டுக்காரர் பாடு. சாதி வேறு. கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான் கொஞ்சமாவது பேரம் பேச முடிந்தது. அந்தத் தொழிலைச் சொல்லி ஆக்களை ஏசின குடும்பங்களின் பிள்ளைகள் இப்ப இன்ஸ்டகிராமில் மரத்தில் தொங்கிப் படம் போடுகிறார்கள், நல்லது. வீட்டில் அந்தக் கதையையும் ஒருக்கால் கேளுங்கோ.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். அவருக்கு வேலை வேணும், கோட்பாடு காணாது.

முதல் ஒரு வருசமாவது நிலத்தில் நில்லுங்கோ. கொப்பு இழுங்கோ, சிப்பருக்குப் போடுங்கோ, மேலே நிற்பவருக்குக் கயிறு பிடியுங்கோ, முடிச்சுப் பழகுங்கோ. முதல் நாளே ஏறச் சொல்லுகிற முதலாளியிடமிருந்து அன்றைக்கே கிளம்புங்கோ. நிலத்து வேலைக்கு ஹார்னஸ் தேவையில்லை. ஹெல்மெட், கண்ணாடி, காதுக்காப்பு, நல்ல சப்பாத்து போதும்.

ஜிம்மில் பாறையேறப் பழகினவர்கள் கவனம். அந்த ஹார்னஸ் விழுந்தால் பிடிக்கிறதுக்குச் செய்தது. மரத்தில் மணிக்கணக்காக அதில் குந்தியிருந்தால் கால் விறைக்கும். அந்தக் கயிறு இழுபடும். மரத்துக்கு இழுபடாத கயிறு வேணும், வழக்கமாக 11 முதல் 13 மில்லிமீற்றர். செயின்சோ கையில் என்றால் உடம்பு இரண்டு இடத்தில் கட்டுப்பட்டிருக்க வேணும், இரண்டாவது உள்ளே உருக்குக் கம்பி ஓடுகிற பட்டி என்றால் நல்லது. ஆணிச் சப்பாத்து வெட்டி விழுத்தப் போகிற மரத்துக்கு மட்டும். உயிருள்ள மரத்தில் அது காயம். பழைய கயிறு இரண்டாம் கையாக வாங்கவே வேண்டாம், அது என்ன பாரம் தாங்கினது என்று விற்கிறவருக்கே தெரியாது.

எந்தச் சாடிலும் உதவாத மரமும் இருக்கிறது. சாம்பல் மரத்தைத் தின்னுகிற மரகத வண்டு 2007இல் ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதால் செத்த ஆஷ் மரம் பட்டகட்டை மாதிரி உடையும். அதில் ஏறாதீர்கள், பக்கெட் ட்ரக் கேளுங்கோ. உயர் அழுத்தக் கம்பிக்குக் கிட்ட மூன்று மீற்றருக்குள்ளும் போகாதீர்கள். மாட்டன் என்று சொல்ல, தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. அந்தச் சட்டம் காசுக்கு வேலை செய்கிற எவரையும் தொழிலாளி என்றே எண்ணுகிறது. "கொன்ட்ராக்டர்" பேச்சு அங்கே செல்லாது.

நேர்முகத்துக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கோ. ஏறுகிற சாமான் ஆர் தருவது? டபிள்யூஎஸ்ஐபி கட்டுகிறீர்களா? நான் மேலே மயங்கினால், ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கயிற்றோடு கீழே நிற்பாரா? மூன்றாவதுக்குத் தடுமாறினால் மற்ற இரண்டையும் கேட்கத் தேவையில்லை. இந்த மாகாணத்தில் ஆர்போரிஸ்ட் கட்டாயச் சான்றிதழ் தொழில் இல்லை, ஆரும் ஆரையும் ஏற்றலாம். அதனால்தான் பதிவு பெற்ற அப்ரென்டிஸாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ.

சொந்தச் சாமான் பிறகு வாங்கலாம். உடம்புக்குப் பொருந்த வேணும் என்பதால் ஏறுகிறவர்கள் பலரும் கடைசியில் சாடிலை வாங்கத்தான் செய்கிறார்கள், நானும்தான். அப்ப சாமானுக்கு மாதக்காசு தருவதாக எழுத்தில் வாங்குங்கோ, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கோ.

தம்பி, வாற சனிக்கிழமை வாரும். என்னுடைய சாடிலைப் போட்டு, நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் அரை மணித்தியாலம் தொங்கிப் பாரும். எந்த பிராண்ட் என்று அதுக்குப் பிறகு கதைப்போம்.