வினாத்தாளைத் தொடாத சீர்திருத்தம்

'மாணவர் மையக் கல்வி' என்னும் தொடர் நம் ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் மந்திரம்போல் ஓதப்படுகிறது. பயிற்சி முடிந்து திரும்பும் அறிவியல் ஆசிரியருக்கோ பழைய வினாத்தாளே காத்திருக்கிறது. மாணவரைச் சோதனை செய்யவிடு என்கிறோம். மனப்பாடமாக ஒப்பித்தால்தான் மதிப்பெண் என்றும் சொல்கிறோம். பிறகு, வகுப்பு மாறவில்லையென்று ஆசிரியரையே கூண்டில் ஏற்றுகிறோம். இது என்ன நியாயம்?

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் இந்த இரட்டை வேடத்தைப் போடவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் குழுவாகப் பரிசோதனை செய்தார்கள்; கண்டதைத் தம் சொற்களில் எழுதினார்கள். தேர்வும் அதற்கேற்ப மாறியது. புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்தே விடை எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. அங்கே ஆசிரியர் துணிந்தார் என்றால், அவர் மகான் என்பதால் அன்று. தேர்வு அவருக்குப் பகையாக நிற்கவில்லை என்பதால்.

முப்பதாண்டு நடந்த அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. 'நம் கிராமங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்போர் இவ்வரலாற்றைப் படிக்கட்டும். ஒத்துவந்தது, அரசுதான் தொடரவிடவில்லை. ஆசிரியருக்கு உபதேசம் போதும். முதலில் வினாத்தாளை மாற்றுங்கள். வகுப்பறையை அவர் மாற்றிக்கொள்வார்.