வண்டி ஒரு பக்கம், ஸ்டியரிங் ஒரு பக்கம்!

என் மச்சினனின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அந்தக் குறையை அவன் ஜீப்பில் தீர்த்துக்கொண்டான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வெளியே சொல்லிவிடாதீர்கள். இந்தப் பக்கத்தை என் மனைவியும் படிக்கிறாள்.

வண்டி பழைய மஹிந்திரா எம்.எம்.540. ஒரு காலத்தில் தாசில்தார்களும் இன்ஸ்பெக்டர்களும் உட்கார்ந்து குலுங்கிய ஜாதி. அதை வாங்கி, பச்சை பெயின்ட் அடித்து, நாலு விளக்கு வைத்து, போதாதென்று ஒரு கடையில் கொடுத்து மூன்று அங்குலம் 'தூக்கி'க்கொண்டு வந்தான். கூடவே யானைக்கால் மாதிரி நாலு டயர். பெரம்பலூர் தெருவில் வந்து நின்றபோது சின்னப் பையன்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். என் மாமியார் ஏறுவதற்கு ஸ்டூல் கேட்டார்.

"எப்படி மாமா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஓட்டினா எப்படி?"

"கொஞ்சம் அலையுது. போகப் போகச் சரியாயிடும்."

இந்தப் 'போகப் போகச் சரியாயிடும்' இருக்கிறதே, கல்யாணத்தில் ஆரம்பித்து கம்ப்யூட்டர் வரை இதை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம்.

ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போவதாகத் திட்டம். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், அப்புறம் கோயில். முன்னால் மச்சினனும் நானும். பின்னால் என் மனைவி, எட்டு வயது மகள், புளியோதரைத் தூக்கு. ஆடிக் காற்று வேறு. அம்மியையே நகர்த்தும் காற்றுக்கு, மூன்று அங்குலம் நிமிர்ந்து நிற்கும் ஜீப் எம்மாத்திரம்?

ஊர் எல்லை தாண்டியதுமே கவனித்தேன். மச்சினன் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டவில்லை, அதனுடன் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தான். இடது பக்கம் இழுத்தால் ஒரு கணம் யோசித்துவிட்டு இடது பக்கம் போகிறது. சரி என்று விட்டால் திரும்பி வரமாட்டேன் என்கிறது. வலது பக்கம் இழுத்தால் ரொம்பவே வலது. அரியலூர் மாவட்டத்தின் சரித்திரம்தான் ஞாபகம் வந்தது. 2001-ல் பெரம்பலூரை விட்டுப் பிரிந்து, 2002-ல் திரும்ப வந்து சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்து... அது ஆறு வருஷத்தில் நடந்தது. இங்கே ஆறு விநாடிக்கு ஒருமுறை.

அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். அரியலூர் என்றால் சிமென்ட். பல கோடி வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று வெட்டி எடுக்கிறார்கள். கடல் போய்விட்டது, டிப்பர் லாரிகள் வந்துவிட்டன. பேரளிக்குக் கொஞ்சம் முன்னால் அப்படி ஒன்று எதிரே வந்தது. முழு லோடு. அது நெருங்கியதும் காற்று ஜீப்பை ஒரு தள்ளு தள்ளியது. தாண்டுகிற நேரத்தில் காற்று சட்டென்று நின்று, ஜீப் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. மச்சினன் வெடுக்கென்று ஒடித்தான். ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் மொத்தமாக நடந்தது. இடது பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்தை எனக்கு ரொம்பக் கிட்டத்தில் காட்டிவிட்டு, திரும்பத் தார் ஏறி நின்றோம்.

யாரும் பேசவில்லை. பின்னால் மகள் மட்டும், "அப்பா, புளியோதரை கொட்டிடுச்சு" என்றாள்.

ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை போய்த் திரும்பியது. நாங்கள் பேரளியிலிருந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் பெரம்பலூருக்குத் திரும்பினோம்.

அடுத்த பத்து நாள் வைத்தியப் படலம். தூக்கிக் கொடுத்த கடைக்குப் போன் போட்டால், "புது டயர் தம்பி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள். அதுவரை நாங்கள் செட் ஆகாமல் இருக்க வேண்டுமே! ரோட்டோரத்தில் இன்னொருவர் ஸ்டியரிங் பாக்ஸின் தலையில் இருக்கும் ஸ்க்ரூவை ஒரு முறுக்கு முறுக்கி, "ப்ளே எடுத்தாச்சு" என்றார். ப்ளே போனது. கூடவே ஸ்டியரிங் திரும்பும் சுபாவமும் போனது. அந்த ஸ்க்ரூவை அளவுக்கு மேல் இறுக்கினால் உள்ளே பல்லும் பல்லும் பிடித்துக்கொள்ளும். திருப்பிய இடத்தில் சக்கரம் நின்றுவிடும், பாக்ஸும் சீக்கிரம் தேயும். மூன்றாவதாகக் கம்ப்யூட்டர் அலைன்மென்ட். அங்கே டோ இன் சரி செய்து, பச்சையும் சிவப்புமாக ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். மச்சினன் அதை மடித்து ஸீட்டுக்கு அடியில் சொருகினான். வியாதி என்னவென்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

படித்தவர் பாய். துறைமங்கலம் பக்கம் லாரிகளுக்குப் பட்டை வேலை பார்க்கும் பெரியவர். எங்கள் ஆபீஸ் டிரைவர் சொல்லி அனுப்பினார். பாய் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் டயரில் காற்று பார்க்கச் சொன்னார். நாலு டயரில் நாலு அளவு. அதை ஒன்றாக்கினார். பிறகு ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டு, "தம்பி, இன்ஜின் ஆஃப்ல இருக்கட்டும். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டுங்க. நான் போதும்ங்கற வரைக்கும்" என்றார். கால் மணி நேரம் ஆட்டினான். பாய் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தார். கம்பி அசைந்து மூட்டு அசையாவிட்டால், இடையில் தேய்மானம் என்று அர்த்தம். டை ராடு எண்ட் ஒன்று லொடலொட. பட்டையின் யூ போல்ட் நட்டு இரண்டு கையாலேயே சுற்றியது.

"தூக்கினப்புறம் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு இதை மறுபடி டைட் பண்ணணும்னு சொன்னாங்களா?"

"இல்லீங்களே."

"சொல்லமாட்டாங்க" என்றார் பாய். பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டி, பேரிங்கும் கிங் பின்னும் பார்த்தார். அது பரவாயில்லை. பிரேக் ஹோஸைக் காட்டினார். சக்கரத்தை முழுக்க ஒடித்தால் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. வண்டியை உயர்த்தினவர்கள் ஹோஸை உயர்த்தவில்லை. அலையும் வண்டியில் பிரேக்கும் அறுந்திருந்தால்? எனக்கு அந்தப் புளியமரம் ஞாபகம் வந்தது.

"ஆனா சார், இதெல்லாம் சில்லறை. மெயின் சமாசாரம் வேற. கம்ப்யூட்டர் தாள் ஏதாவது இருக்கா?"

ஸீட்டுக்கு அடியிலிருந்து தாள் வந்தது. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார். கேஸ்டர். அதற்கு நேரே சிவப்பு எழுத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

கேஸ்டர் என்றால் என்ன என்று கேட்பவர்கள் பள்ளிக்கூட நாட்களுக்குப் போகவும். அந்த வயதில் கைவிட்டு சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள், பெண்கள் பள்ளி வாசலில் விழுந்தும் இருப்பீர்கள். அப்படி விட்டபோதும் சைக்கிள் நேராகப் போனதே, ஏன்? முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லை. மேல்பக்கம் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக் கோட்டை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தரையில் முட்டும். அதாவது சக்கரம் எப்போதும் பின்தொடர்ந்து வருகிறது. ஆபீசில் நீங்கள் உட்காரும் சுழல் நாற்காலியின் சக்கரம், தள்ளும் திசைக்குப் பின்னால் தானே வந்து ஒதுங்கிக்கொள்வது மாதிரி. கார், ஜீப் எல்லாவற்றிலும் முன் சக்கரத்துக்கு இந்தச் சாய்வு சில டிகிரி உண்டு. வளைவு திரும்பியபின் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நடுவுக்கு வருகிறதே, அது இதன் கைங்கர்யம். வராவிட்டால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும், ஸ்க்ரூ மேல் அல்ல.

எங்கள் ஜீப்பில் அது எங்கே போனது? பாய் சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். முன் பட்டையின் முன் நுனி ஷேக்கிளில் தொங்குகிறது, பின் நுனி நிலையானது. கடைக்காரர்கள் செலவில்லாமல் உயரம் கொடுக்க, பழைய ஷேக்கிளைக் கழற்றிவிட்டு இரண்டு அங்குலம் நீளமானதை மாட்டியிருந்தார்கள். நாற்பது அங்குலப் பட்டையின் ஒரு நுனியை மட்டும் இரண்டு அங்குலம் இறக்கினால் பட்டை சுமார் மூன்று டிகிரி முன்னால் சாய்கிறது. பட்டையோடு ஆக்ஸிலும் சாய்கிறது. இருந்த கேஸ்டரே ஏதோ மூன்று டிகிரிதான். மூன்றிலிருந்து மூன்று போனால்? இத்தனைக்கும் இந்த வேலையால் வண்டி உயர்ந்தது ஒரே ஓர் அங்குலம். மீதி இரண்டு அங்குலம் கூடுதல் பட்டை சொருகி ஏற்றியது. (ஷேக்கிள் பின்பக்கம் இருக்கும் வண்டியில் கணக்கு தலைகீழ். கேஸ்டர் கூடும், ஸ்டியரிங் கனக்கும்.)

இரண்டாவது பாவம், இணைப்புக் கம்பி. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி ஏறக்குறைய படுத்தாற்போல் இருக்க வேண்டும். பாக்ஸ் சட்டத்தோடு மேலே போய்விட்டது, சக்கரம் கீழேயே இருக்கிறது, கம்பி ஏணி சாத்திய மாதிரி ஆகிவிட்டது. இப்போது சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்புகிறது. அகல டயர் வேறு, லாரிகள் அழுத்திய தடத்தையெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு போகிறது.

"ஸ்டியரிங் டேம்பர் ஒண்ணு மாட்டினா நின்னுடும்னு சொன்னாங்களே?" என்றான் மச்சினன்.

"பல்வலிக்குக் கிராம்பு வைக்கிற மாதிரி தம்பி. வலி தெரியாது, பல்லு இருக்காது."

"வேற வழி?"

"ஆப்பு வைக்கலாம்."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். பாய் சிரிக்கவில்லை. அவர் சொன்னது நிஜ ஆப்பு. இரண்டு மூன்று டிகிரி சரிவாகச் செதுக்கிய இரும்புத் துண்டு. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைத்து, நீளமான சென்டர் போல்ட், யூ போல்ட் போட்டு இறுக்கினால் இழந்த சாய்வு திரும்பும். அலுமினியத்தில் மலிவாகக் கிடைக்கும், நசுங்கும், வாங்கக்கூடாது. மாற்றி வைத்துவிட்டால் உள்ளதும் போகும். அப்புறம் கம்பியைப் படுக்கவைக்க அதற்கேற்ற கை மாற்ற வேண்டும். ஹோஸ் நீளம் மாற்ற வேண்டும். கடைசியில்தான் டோ இன். எங்கள் பத்து நாள் வைத்தியம் இதற்கு நேர் எதிர் வரிசையில் நடந்திருந்தது.

எனக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டான். பதிவுப் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதானே வண்டி? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதே வருஷச் சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் பணம் கொடுக்காமலிருக்க ஒரு காரணத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. பதினைந்து வயது தாண்டிய இந்த ஜீப் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன்னால் போய் நின்றாக வேண்டும். அப்போது ஸ்டூல் போட்டு ஏறியா பார்ப்பார்?

"எறக்கிடுங்க பாய்" என்றேன்.

மச்சினன் முகம் வாடியது. வாதாடினான். ஊட்டியில் ஃப்ரெண்ட் வைத்திருக்கிறான், கேரளாவில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்... அப்போது அவன் அக்கா, அதாவது என் மனைவி, அதுவரை மகளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவள், ஒரே வாக்கியம் சொன்னாள். "பாப்பா பின்னாடிதான்டா உக்காந்திருந்தா." அவன் மறுபேச்சு பேசவில்லை.

புதுசு வைத்திருப்பவர்கள் நமக்கென்ன என்று புரட்ட வேண்டாம். 2010-ல் வந்த தாரில் முன்பக்கம் டார்ஷன் பார். அதன் போல்ட்டை முறுக்கியே உயரம் ஏற்றிவிடலாம் என்று எவனாவது சொல்வான். ஏறும். ஆனால் அந்த மாதிரி தனித்தனிச் சக்கர அமைப்பில் உயரம் மாறியதும் சக்கரத்தின் நிமிர்வு, டோ எல்லாமே மாறும். பால் ஜாயிண்ட் கோணலாக நின்று சீக்கிரம் தேயும். ஸ்பேசர் வைத்தாலும் அதே கதை. அலைன்மென்ட் பார்த்தால் தாளைக் கேட்டு வாங்குங்கள், டோ வரியோடு நிறுத்தாமல் கேஸ்டர் வரியையும் பாருங்கள்.

இரண்டு நாள் வேலை. பழைய ஷேக்கிள், பழைய எண்ணிக்கையில் பட்டை, புது புஷ், புது டை ராடு எண்ட், கம்பெனி அளவு டயர். ஸ்க்ரூவைத் தளர்த்தி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார் பாய். அலைன்மென்ட் தாளில் கேஸ்டர் வரி பச்சை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கங்கைகொண்ட சோழபுரம் போய் வந்தோம். பேரளி தாண்டும்போது எதிரே டிப்பர் வந்தது. மச்சினன் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்திருந்தான், எனக்குக் காட்டுவதற்காகவே.

நீள ஷேக்கிள் இரண்டும் இப்போது என் ஆபீஸ் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கின்றன. ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றினாலும் ஃபைல் அசைவதில்லை.