படைவீரரின் பிள்ளைக்கு இடமுண்டு, படைவீரருக்கு?

இந்திய உயர்கல்வி நிறுவனங்களுக்குப் படைவீரர் என்பவர் பெரும்பாலும் ஒரு மாணவரின் தந்தையாகவே அறிமுகமாகியிருக்கிறார். தில்லிப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் படையினரின் பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் 5 சதவீதம் கூடுதல் இடங்கள் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டமும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்குமே உரியது. இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் சீருடையைக் களைந்தபின் தாமே வகுப்பறையில் அமர விரும்பும் வீரருக்கு இவ்விரு பட்டியல்களிலும் இடமில்லை.

அவர் முதியவரும் அல்லர். சிப்பாயாகச் சேர்ந்தவர் ஏறத்தாழ 17 ஆண்டுகள் பணியாற்றி, 35 வயதையொட்டி ஓய்வு பெறுகிறார். பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுப் பணி முடித்தவரை நடுவண் அரசின் குரூப் சி பணியிடங்களுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கருதும் ஏற்பாடு 1980களிலிருந்தே உள்ளது. வேலைக்குச் செல்லும் அந்த நிகர்மை கல்விக்குச் செல்லாது. சான்றினை நம்பி முதுகலைக்கு விண்ணப்பிப்பவர் சேர்க்கை அலுவலக மேசையில்தான் இவ்வேறுபாட்டை அறிகிறார்.

சேர்ந்தபின் வரும் இடர்களில் வயது வேறுபாடு, குடும்பப் பொறுப்பு, 75 சதவீத வருகைப்பதிவு ஆகியவை ஓரளவேனும் பேசப்படுகின்றன. மொழி பேசப்படுவதில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்தோ மராட்டியத்தின் சாத்தாராவிலிருந்தோ படைக்குச் சென்றவரின் பணிமொழி இந்தி. கருவிகளின் பெயர்கள் ஆங்கிலம். தாய்மொழி, வீட்டாரோடு தொலைபேசியில் பேசும் அளவுக்கு. இதைவிட ஆழமானது எழுத்துநடையின் வேறுபாடு. படையின் அறிக்கை ஐயத்தை அகற்றுவதற்காக எழுதப்படுவது: இடம், நேரம், எண்ணிக்கை, நிகழ்ந்தது. ஆய்வுக்கட்டுரையோ ஐயத்துக்கு இடம்விட்டு எழுதப்படுவது. 'இருக்கக்கூடும்', 'எனக் கருத இடமுண்டு' போன்ற தொடர்கள் இங்கே அறிவு நேர்மை. அங்கே பொறுப்பைத் தட்டிக்கழித்தல். ஒரு பக்கத்தில் விடையை முடித்துவிடும் முன்னாள் வீரரை 'விரித்தெழுதத் தெரியாதவர்' என மதிப்பிடும் ஆசிரியர், ஒரு நடையில் தேர்ந்தவரை மொழியே வராதவராகக் காண்கிறார்.

கருத்தரங்கில் மறுத்துப் பேசுக என்னும் அழைப்பும் அத்தகையதே. மேலதிகாரியின் கூற்றை அவை நடுவே மறுப்பது ஒழுங்குமீறலாக எண்ணப்படும் சூழலில் 17 ஆண்டுகள் வாழ்ந்தவர், தம்மினும் இளைய ஆசிரியர்முன் முதல் பருவத்திலேயே வாதிடுவார் என எதிர்பார்ப்பது முறையன்று. அவரது மௌனம் ஆர்வமின்மையாகக் குறிக்கப்பட்டுவிடுகிறது. (அந்த ஆசிரியர் தம் ஆய்வு நெறியாளர்முன் எத்துணை வாதிட்டார் என்பது வேறு கதை.)

அமெரிக்காவில் 1944-இல் இயற்றப்பட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் கல்விக் கட்டணத்தோடு வாழ்க்கைப்படியும் வழங்கியது. 1947-இல் அங்குக் கல்லூரிகளில் சேர்ந்திருந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படையினர். கறுப்பின வீரர்களுக்கு அதன் பயன் பெரிதும் மறுக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எனினும் அச்சட்டம் வீரரையே மாணவராகக் கருதியது.

இந்தியாவில் இக்கேள்வியை இனித் தள்ளிப்போட இயலாது. 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தின் முதல் தொகுதியினருக்கு நான்காண்டுப் பணி 2026 இறுதியில் முடிகிறது. அவருள் 25 சதவீதம் வரையினரே படையில் தொடர்வர். ஏனையோர் இருபதுகளில், ஓய்வூதியமின்றி வெளியேறுவர். இவர்களுக்கென இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வகுத்துள்ள மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தில் பாதி கிரெடிட் பணிக்காலப் பயிற்சிக்கே வழங்கப்படும். நல்ல தொடக்கம், ஆயினும் அது தொலைநிலைக் கல்வி. நூலகமும் ஆய்வகமும் சக மாணவரும் உள்ள வளாகங்கள் அதைக் காட்டித் தம் கடமை முடிந்ததாகக் கொள்ளலாகாது.

வளாகங்கள் செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. முதற்பருவத்தில் கல்விப்புல எழுத்துக்கென ஒரு தாள் வைக்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் அது உதவும். படைக்காலப் பயிற்சியைக் கிரெடிட்டாக ஏற்கும் விதியை நேர்முறைப் பட்டங்களுக்கும் விரிக்கலாம். சேர்க்கைப் படிவத்தையும் திருத்தவேண்டும். படையில் கழிந்த ஆண்டுகளைப் பல படிவங்களில் இன்றும் 'படிப்பில் இடைவெளி' என்னும் கட்டத்தில்தான் நிரப்பவேண்டியிருக்கிறது. காரணம் எழுத ஒரே ஒரு வரி.